உதடு படாமல் ஊதியது

எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஞாபகமும் முன்னே பின்னே இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்து முகாம் கட்ட எடுத்த நிலத்தில் எங்களுடையதும் போய்விட்டது. அதே முகாமில் மூட்டை தூக்க ஆள் எடுத்தார்கள். அந்த வேலையும் கிடைக்காவிட்டால் எங்கள் ஊரான பருத்திப்பட்டில் எங்களுக்குச் சோற்றுக்கு வழியில்லை. என் வீட்டுக்காரரோடு நானும் போனேன். பெண்களுக்கு மண் சுமக்கிற வேலை இருந்தது.

மூட்டை தூக்குகிறவர்களுக்கு மட்டும் மூச்சுச் சோதனை. தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ரப்பர் குழாயில் ஊதினால் டப்பா மேலே எழும்பும். எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு மூச்சு; அளக்க டப்பாவில் கோடு போட்டிருந்தது. ஒவ்வொருவரும் ஊதியதும் கம்பவுண்டர் குழாயின் நுனியை வெந்நீரில் கழுவி அடுத்தவரிடம் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் ஊதினார். டப்பா லேசாக அசைந்தது. மறுபடி ஊதினார், கொஞ்சம் ஏறியது. இன்னொரு தடவை ஊதியபோது முதல் தடவையைவிடக் குறைவு.

"இன்னா மாமே, அடுப்பு ஊதிக்கினு கீறியா?" என்று வரிசையில் ஒருவன் கேட்டான்.

"தள்ளிடலாமா சார்? இவனுக்கு மூச்சே இல்ல" என்றார் கம்பவுண்டர்.

பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்த டாக்டர் ஒன்றும் எழுதவில்லை. "ஒரே ஆளு, மூணு தரம் மூணு விதமா வருது. இதுல எதை நம்பறது? இன்னொரு தரம் ஊதுப்பா" என்று குனிந்து இவர் வாயையே பார்த்தார்.

குழாய்க்கும் உதட்டுக்கும் நடுவே இடைவெளி. எங்கள் வீட்டில் சொம்பை வாயில் வைத்து யாரும் குடிப்பதில்லை, தூக்கித்தான் குடிப்போம். இவர் குழாயையும் அப்படியே தூக்கி ஊதிக்கொண்டிருந்தார். காற்றில் பாதி வெளியே போயிருக்கிறது.

"வாயில வெச்சு ஊதுப்பா."

"எச்சி, சார்" என்றார் இவர் மெதுவாக.

"சுடுதண்ணில கழுவிக்கீது நைனா" என்றான் வரிசையில் நின்றவன்.

இவர் என்னைப் பார்த்தார். ஆண்கள் நடுவில் வாய் திறந்து எனக்குப் பழக்கமில்லை. தரையைப் பார்த்தபடி, "வெச்சிக்கோங்க. ஊட்டுக்குப் போய் வாய் கொப்பளிச்சிக்கலாம்" என்றேன். வரிசையே சிரித்தது.

கண்ணை மூடிக்கொண்டு உதட்டைப் பொருத்தினார். டப்பா ஏறியது. திரும்ப ஊதச் சொன்னார்கள். அதே கோட்டில் வந்து நின்றது. அடுத்ததும் மயிரிழைதான் தள்ளி.

"இப்ப நம்பலாம்" என்று டாக்டர் எழுதிக்கொண்டார். ஆனால் அந்த மூச்சு மூட்டை தூக்கப் போதாதாம். கிடங்கில் சின்னப் பெட்டிகளை அடுக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

தொட்டியில் இருந்தது வெறும் தண்ணீர்தானா, அந்தக் கருவிக்கு என்ன பெயர் என்பதெல்லாம் எனக்குத் தெளிவில்லை. மூச்சு வைத்தியம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, நான் தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.