வாசனை பிடித்து வந்த அந்துப்பூச்சிகள்

பூச்சி பிடிக்கிற கம்பெனியில் வேலை என்றால் கிடங்குக்குள் மருந்து அடிப்பேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் வேலை வெளியே. அரிசியிலும் ரவையிலும் நூல் கட்டுகிற அந்துப்பூச்சி வெளியிலும் திரிகிறதா என்று பார்க்க, மரத்துக்கு மரம் ஒட்டுப்பொறி கட்டுவேன். உள்ளே பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய ரப்பர் துண்டு இருக்கும். அதை நம்பி வருகிற ஆண் பூச்சி பசை தடவிய அட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

ரவை சலித்துப் புழுவைக் கண்டவர்களே, நீங்கள் என் கட்சி. வீட்டுக்காரரை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் இன்னும் நெருங்கிய கட்சி. என்னவர் மஸ்கட்டில் இருக்கிறார். ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிக்கவா, வந்துடவா என்று கேட்டார். வந்துடுங்க என்று கத்தத் தோன்றியது. "உங்க இஷ்டம்" என்றேன்.

பாலக்கரை வேப்பமரம்

அரிசி மண்டிக்கு எதிரே இருந்த வேப்பமரத்தில் பொறி கட்டினேன். அடுத்த வாரம் போனால் அட்டை முழுக்கப் பூச்சி. தன் மண்டிமேல் பழி வரும் என்று முதலாளி முதலில் முறைத்தார். எல்லாம் ஆண் என்றதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பொண்ணே இல்லாத இடத்துக்கு இம்புட்டு பேரா? பாவம்மா, கழட்டிடுங்க."

கொள்ளிடக்கரை

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. கடையில்லை, கிடங்கில்லை. அங்கேயும் பூச்சி. உதிர்ந்து காய்ந்த பழங்களைத் தின்றே அது வெளியில் பிழைத்துக்கொள்ளும் என்று தோப்புக்கார மாமியிடம் விளக்கினேன். மாமி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனூண்டு ஜீவன் எங்கேர்ந்தோ வாசனை பிடிச்சுண்டு வந்துடறது. எங்காத்துப் பிள்ளைக்கு அமெரிக்காலேர்ந்து வர லீவு கெடைக்கலையாம்."

டவுன் பஸ்

அன்று கையுறையை மறந்துவிட்டேன். வெறுங்கையால் ரப்பரை மாற்றிவிட்டு துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். நம் தொழிலில் இதைவிடப் பெரிய மடத்தனம் கிடையாது. பொழுது சாய, பஸ் ஸ்டாப்பில் என் தோளைச் சுற்றி அந்துப்பூச்சிகள். கூட வேலை பார்க்கும் செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இனிமே ஊரே உன் பின்னாடி வரும்டி, உன் வீட்டுக்காரரைத் தவிர."

நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மொட்டைமாடி

துப்பட்டாவை அலசிக் கொடியில் போட்டேன். அப்போதும் ஒரு பூச்சி வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிறகடித்தது. அவர் வீடியோவில் வந்தார். அதைக் காட்டிச் சிரிக்கத்தான் நினைத்தேன். "ஏங்க, வந்துடுங்க. என்னால முடியல" என்றேன்.

"காலைலதாம்மா நீட்டிக்கக் கையெழுத்துப் போட்டேன். நீ ஒரு தடவைகூட வான்னு சொல்லலையே."

ஊர்ப் பூச்சியையெல்லாம் கூப்பிட்டுச் சம்பளம் வாங்குகிற எனக்கு, ஒரே ஒரு மனுஷரை நேரத்தோடு கூப்பிடத் தெரியவில்லை.