சூரியன் இல்லாத ஊரில் நல்ல நேரம்

அடுத்தவர் காலண்டரைப் பார்த்துக்கொள்வது அடுத்தவர் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரிதான். ஒழுங்காக இருந்தால் பெற்றவருக்குப் பெருமை, கீழே விழுந்தால் நமக்குத் திட்டு. முதலாளி ஊர் ஊராகப் பறக்க, பெங்களூரில் உட்கார்ந்தபடி அவர் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று போனுக்குள் கட்டம் கட்டமாகப் போட்டுவைக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக எழுதியது.

ஒன்றரை மணி நேர விருந்தாளி

பெங்களூரை ஒட்டிய அத்திபெலே பக்கம், வண்டி எஞ்சினில் எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. எம்.டி. தண்டபாணி சார் கோயம்புத்தூர்க்காரர், தங்கமான மனுஷன். ஒரே ஒரு நிபந்தனை: ராகு காலத்தில் எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. கையெழுத்து மட்டுமல்ல, புது பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். விவேக் நகரில் பிறந்து, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகும் ஸ்டெல்லாவாகிய நான், வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே திங்கள் ஏழரை முதல் ஒன்பது, செவ்வாய் மூன்று முதல் நாலரை என்று ஏழு நாளையும் மனப்பாடம் செய்தேன். அத்தனையையும் அவர் காலண்டரில் நிரந்தரமாகப் போட்டேன். பார்க்கிறவர்களுக்கு 'பிஸி' என்று மட்டும் தெரியும்.

மே மாதம் அவர் ஜெர்மனி போனார். காலண்டரில் ஒரு சின்னக் கட்டம் உண்டு, 'எந்த ஊர் நேரம்' என்று கேட்கும். அதைத் தொடாமல் விட்டால் எல்லாமே பெங்களூர் நேரம் என்று அதுவாக எடுத்துக்கொள்ளும். நான் தொடவில்லை. செவ்வாய் மூன்று மணி ராகு காலம் அங்கே காலை பதினொன்றரைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. காலியாகத் தெரிந்த ஜெர்மனி மூன்று மணிக்கு நான் ஒரு மீட்டிங் போட்டிருந்தேன். சார் மீட்டிங் வாசலில் நின்றபடி கூப்பிட்டார். கோபப்படவில்லை, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இங்க எந்த ஊரு ராகுவப் பாக்கறதுங்க?"

எட்டில் ஒரு பங்கு

இந்தக் கேள்விக்கு எங்கள் ஐ.டி. டிபார்ட்மெண்டில் பதில் இல்லை. நீலசந்திராவில் ஒரு ஜோசியரைப் பிடித்தேன். என் கழுத்துச் சிலுவையையும் கையிலிருந்த லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்கு ஜாதகம் என்று கேட்டார். ஜாதகம் இல்லை, காலண்டர் என்றேன். ராகு காலம் என்பது கடிகாரக் கணக்கே இல்லையாம், சூரியக் கணக்காம். உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ராகுவாம். நம் ஊரில் பகல் சுமாராகப் பன்னிரண்டு மணி நேரம் என்பதால்தான் ஒன்றரை மணி. விளக்கி முடித்து லேப்டாப்பைக் காட்டிக் கேட்டார்: "இவ்ளோ பெரிய மிஷினு வெச்சிருக்க, இது கூட சொல்லாதாம்மா?"

பக்தியின் ஆழம்

ஜூனில் சார் பின்லாந்து போனார். பனி மேல் ஓடும் வண்டி செய்யும் ஒரு கம்பெனிக்கு எங்கள் சீலை விற்கும் பேச்சு. அங்கே அப்போது பத்தொன்பது மணி நேரப் பகல். எட்டால் வகுத்தேன். ராகு காலம் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு வந்து நின்றது. இந்தத் தடவை சின்னக் கட்டத்தைத் தொட்டு, அந்த ஊர் நேரத்திலேயே போட்டுவிட்டேன்.

அந்தக் கம்பெனியில் என் வேலையைப் பார்ப்பவர் லீனா. தினமும் இவ்வளவு நேரம் உங்கள் எம்.டி. யாரைப் பார்க்கிறார் என்று மெயிலில் கேட்டார். ராகுவை எப்படி விளக்குவது? நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் என்று எழுதினேன். அவர்கள் உடனே ஒரு அறையை ஒதுக்கி, கம்பளம் விரித்து, மெழுகுவர்த்தி வைத்து, கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்று எழுதியும் ஒட்டிவிட்டார்கள். மறுக்கக் கூச்சப்பட்டு சார் உள்ளே போய் உட்கார்ந்தார், பிறகு கம்பளத்தில் சாய்ந்தார். மாலையில் லீனா எனக்கு எழுதியது இது: "உங்கள் எம்.டி.யின் மந்திரம் மிக ஆழமானது. மூடிய கதவையும் தாண்டிக் கேட்டது."

ஒரே வீட்டில் இரண்டு நேரம்

இங்கே என் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் கணவர் சேவியர் இதே தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட். மதியம் இரண்டிலிருந்து ராத்திரி பத்தரை வரை. காலையில் நான் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும்போது அவர் தூங்குவார். அவர் திரும்பி வரும்போது நான் தூங்கியிருப்பேன். ஜெர்மனிக்கும் எங்களுக்கும்கூட மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். எங்கள் கட்டிலின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே அதைவிட அதிகம்.

நவம்பரில் செய்தி வந்தது: பின்லாந்து ஆர்டர் கிடைக்காவிட்டால் இரண்டாவது ஷிப்ட் மூடப்படும். அப்படியென்றால் சேவியருக்கு வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சேவியரிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "ஷிப்ட் போனா தெனம் சாயந்திரம் உன்கூட டீ குடிக்கலாம். டீத்தூளு யாரு வாங்குறது?"

ராகு எட்டிப் பார்க்காத இடம்

டிசம்பரில், பின்லாந்தின் வடகோடியில் எங்கள் சீலைக் குளிரில் சோதித்துப் பார்த்துவிட்டு அங்கேயே ஒப்பந்தம் போடலாம் என்றார்கள். நான் வழக்கம்போல் உதயம், அஸ்தமனம் பார்க்க உட்கார்ந்தேன். இரண்டுமே இல்லை. அந்த ஊரில் அந்த மாதம் சூரியனே உதிப்பதில்லை. பகல் பூஜ்யம், எட்டால் வகுத்தாலும் பூஜ்யம். விஷயத்தைச் சொன்னதும் சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். ராகு இல்லாத ஊர் ஒன்று பூமியில் இருக்கிறது, அங்கே நமக்கு ஒரு கஸ்டமரும் இருக்கிறார் என்றால் சும்மாவா? திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குக் கையெழுத்து என்று முடிவாயிற்று.

அந்தத் திங்கள் நம் ஊர் நேரம் பத்தேகாலுக்கு சார் ஓட்டலிலிருந்து கூப்பிட்டார். அங்கே ஆறே முக்கால். ராகு இல்லை சரி, நல்ல நேரம் எப்போது என்று ஜோசியரைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். அது தெரியாமல் பேனாவைத் தொட மாட்டாராம். ஜோசியருக்குப் போன் போட்டேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டு சொன்னார்: "சூரியனே வரலன்னா ராகு காலம் இல்லம்மா. நல்ல நேரமும் இல்ல."

நான் பார்த்த நல்ல நேரம்

இதை அப்படியே சாரிடம் சொன்னால் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார். சேவியரை நினைத்தேன். 'நல்ல நேரம் 11.00 முதல் 11.30' என்று நானே அடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். பொய்தான். அனுப்பும் பதற்றத்தில் அந்தச் சின்னக் கட்டத்தைத் தொட மறந்திருந்தேன்.

பெங்களூர் பதினொன்று என்பது அங்கே காலை ஏழரை. நல்ல நேரம் இன்னும் கால் மணியில் தொடங்குகிறது என்று போன் சொன்னதும் சார் ஓட்டலில் கதவு கதவாகத் தட்டியிருக்கிறார். அதே ஓட்டலில் தங்கியிருந்த அந்தக் கம்பெனி முதலாளி நீராவிக் குளியலிலிருந்து துண்டோடு வந்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையில் ரொட்டித் தட்டை நகர்த்திவிட்டுக் கையெழுத்து முடிந்தது. லீனா எனக்குப் போன் செய்து கேட்டது ஒன்றுதான்: "உங்கள் ஊர் நல்ல நேரம் காலைச் சாப்பாடு வரைக்கும் காத்திருக்காதா?"

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை, ஏழரை. நம் ஊர்க் கணக்கில் அப்பட்டமான ராகு காலம்! வியாழக்கிழமை சர்ச்சில் பாதிரியார் முன் முழந்தாளிட்டுப் பொய்யை ஒப்புக்கொண்டேன். சாரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் மூன்று வருட ஆர்டரோடு வந்து இறங்கினார். இரண்டாவது ஷிப்ட் தப்பித்தது. என் மேஜைக்கே நடந்துவந்து சொன்னார்: "இனி சோசியர் வேண்டாமுங்க அம்மணி, நல்ல நேரத்த நீங்களே பாத்துப் போட்டுருங்க."

ஆக, சூரியன் உதிக்காத ஊருக்கே நல்ல நேரம் குறித்துக் கொடுத்த எனக்கு, சேவியரோடு உட்கார்ந்து ஒரு டீ குடிக்க மட்டும் காலண்டரில் இன்னும் ஒரு கட்டம் கிடைத்தபாடில்லை.