ஈத்தாமொழி முக்கில் சுயம்புராஜின் பிளெக்ஸ்

சுயம்புராஜ் பிறந்தது ஈத்தாமொழியில். உழைத்ததெல்லாம் மஸ்கட்டில், ஒரு குளிர்கிடங்கில். கோழி, மீன், பட்டாணி என்று உறைந்து கிடக்கும் சரக்குக்கெல்லாம் அவர்தான் ஸ்டோர் கீப்பர். கம்பெனி கைமாறியதும் புது முதலாளி தன் ஆட்களைக் கூட்டிவந்தார். சுயம்புராஜ் ஊர் திரும்பினார்.

நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் 'சரி' என்பார். வேலை தேடும்போது அந்தக் குணம் காலை வாரிவிட்டது. 'எந்த வேலையும் செய்யத் தயார்' என்று தடித்த எழுத்தில் பயோடேட்டா அடித்து நகைக்கடை, பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று கண்ட இடத்துக்கெல்லாம் அனுப்பினார். பதில் வந்தது ஒரே இடத்திலிருந்து. ஒரு மழலையர் பள்ளி, 'நடனம் சொல்லிக்கொடுப்பீர்களா?' என்று கேட்டிருந்தது. அவர் அதற்கும் சரி என்று எழுத உட்கார்ந்தார். மனைவி ராஜிதான் கைப்பேசியைப் பிடுங்கினாள்.

பிறகு நாகர்கோவிலில் வேலைவாய்ப்பு முகாம். போன ஆண்கள் அத்தனை பேரும் வெளிர்நீலச் சட்டை, கறுப்பு பேண்ட், கையில் ஃபைல். மதியம் சோற்றுப் பாத்திரத்தோடு வந்த ராஜி, வரிசையில் நின்றவரின் தோளைத் தட்டி, "இந்தாங்க, தின்னுங்க" என்றாள். திரும்பியவர் யாரோ. பசி போலிருக்கிறது, மறுபேச்சில்லாமல் வாங்கித் தின்றுவிட்டார்.

"கெட்டின பொண்டாட்டிக்கே ஆளு தெரியல்ல" என்றாள் ராஜி, வீடு வந்ததும். "கம்பெனிக்காரனுக்கு எப்படித் தெரியும்? கூட்டத்துல தனியாத் தெரியதுக்கு ஒரு வழி பாருங்க."

சுயம்புராஜ் கோலப்பனிடம் போனார். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

"ஊரே நின்னு பாக்கும் மக்கா, நான் செய்து தாறேன்" என்றார் கோலப்பன்.

கோலப்பனுக்கு வருகிற வேலையில் பாதி அஞ்சலி பேனர். கை அந்தப் பக்கமே போகும். சுயம்புராஜ் கொடுத்தது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த, சிரிப்பே இல்லாத படம். அதற்குப் பின்னால் வெண்மேகம் வைத்தார். தலையைச் சுற்றி ஒளி. இரண்டு புறா. மேலே, 'மஸ்கட்டிலிருந்து ஊர் வந்து சேர்ந்த நம் சுயம்புராஜ்.' கீழே பெரிதாக, 'வேலை தேவை', போன் நம்பர். முக்கில் டயர் கடைக்காரரிடம் கேட்டு அவர் சுவரில் கட்டியும் கொடுத்தார்.

சற்று நேரத்தில் இளநீர் வியாபாரி வந்து, வழக்கம்போல் அந்தச் சுவரோடு சேர்த்துக் குலைகளை அடுக்கினார். 'வேலை தேவை' மறைந்துபோயிற்று. மேகமும் புறாவும் சுயம்புராஜும் மட்டும் வெளியே தெரிந்தார்கள். யாரோ ஒரு நல்ல மனுஷர் பிச்சிப்பூ மாலை வாங்கிச் சாத்திவிட்டுப் போனார்.

ராஜாக்கமங்கலம் சித்தி அதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அலறிக்கொண்டு இறங்கி ஓடி வந்தாள். கதவைத் திறந்த சுயம்புராஜின் நெஞ்சிலேயே சாய்ந்து, "எனக்க மக்களே! அவனை எங்கலே கெடத்தியிருக்கு?" என்று கதறினாள்.

"சித்தி, நான்தான்."

நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் ஒன்று விட்டாள். "பின்ன என்னத்துக்குலே என்னை அழ வச்ச?"

அவர் விஷயத்தைச் சொன்னார். "என்ன வேலைதான் வேணும் ஒனக்கு?" என்றாள் சித்தி.

"என்ன வேலைன்னாலும் சரி."

"தென்னை ஏறுவியா?"

"இல்ல."

"பிள்ளைப்பேறு பாப்பியா?"

"அய்யோ, சித்தி!"

"பின்ன? அறிஞ்ச வேலையைச் சொல்லுலே. என்ன வேலைன்னாலும்னா, நான் ஆருட்ட போய் என்னத்தைச் சொல்ல?"

அதற்குள் முற்றம் நிறைந்துவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு ராஜி கட்டன்காப்பி கொடுத்தாள். "காப்பி குடிச்ச ஒருத்தரையும் சும்மா விடப்படாது. ஒவ்வொருத்தர்ட்டயும் வேலை கேளுங்க" என்று புருஷன் காதில் சொன்னாள். சுயம்புராஜும் கேட்டார். முதலில் வந்தவர்களிடம் மஸ்கட் வெயில், அரபி முதலாளி, ஒட்டகம் என்று நீட்டி முழக்கினார். அவர்கள் ஒட்டகத்தைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்கள். சொல்லிச் சொல்லி மதியத்துக்குள் பேச்சு குறுகிவிட்டது: "குளிர்கிடங்குல ஸ்டோர் கீப்பர். மொதல்ல வந்த சரக்கை மொதல்ல வெளிய விடுவேன். எனக்க கையில ஒரு பெட்டி மீன் கெட்டதில்ல."

அப்போது ஒரு வண்டி வந்து நின்றது. சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் ஜெஃப்ரின், ஆட்களோடு பெட்டியை இறக்கினார்.

"பாடி எங்க அண்ணே?"

"நான்தான்" என்றார் சுயம்புராஜ்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வரும்போதே பெட்டிக்குப் போன் போட்டது சித்திதான். அவள் மெல்ல அடுக்களைப் பக்கம் நழுவினாள். ஜெஃப்ரினுக்கு முதலில் கோபம். காப்பி குடித்ததும் சிரிப்பு. சுயம்புராஜ் அவரிடமும் தன் பேச்சை ஒப்பித்தார்.

ஜெஃப்ரின் தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்க அண்ணன் டெனிஷுக்கு இனயத்துல மீன் கிடங்கு உண்டு. ஸ்டோருக்கு ஆளு தேடுதாரு. வாறவன் எல்லாம் 'என்ன வேலைன்னாலும் செய்வேன்'னு சொல்லுதான். நாளைக்கு வாறியளா?"

மறுநாள் இனயத்தில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். எல்லாம் வெளிர்நீலச் சட்டை. டெனிஷ் வெளியே வந்து, "ஐஸ் பெட்டியைத் திருப்பி அனுப்பின ஆளு ஆரு?" என்றார். சுயம்புராஜ் கையைத் தூக்கினார். டெனிஷ் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு கிடங்குக்குள் கூட்டிப்போய், "நீங்கன்னா இங்க என்ன செய்விய?" என்று கேட்டார்.

"பழைய பெட்டி எல்லாம் சுவரோரம் மாட்டிக் கெடக்கு. தேதி ஒட்டி வாசல் பக்கம் கொண்டுவரணும்."

"லாரிக்கு லோடும் ஏத்தணுமே?"

'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சுயம்புராஜ் அதை விழுங்கினார். "அது முடியாது, முதலாளி. முதுகு தாங்காது."

 

"அப்ப ஸ்டோரை மட்டும் பாருங்க. திங்கக்கிழமை வந்திருங்க" என்றார் டெனிஷ்.

எல்லாம் தன் பிளெக்ஸின் ராசி என்று கோலப்பன் இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று உச்சி வெயிலில், தொளதொளத்த கோட்டும் குரங்குக் குல்லாவுமாய்ச் சுயம்புராஜ் கிடங்கை விட்டு வெளியே வந்தார். வழியில் மீன் விற்றுக்கொண்டிருந்த அக்காமார் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"அண்ணே, ஊட்டிக்கா போறிய?" என்றாள் ஒருத்தி.

"இல்லக்கா, சோறு திங்க" என்றார் சுயம்புராஜ்.