ஏலக்காய்த் தராசில் ஏறிய நாங்கள்

போடியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் ஏலக்காய்க் கடை. மகள் பிறந்த நான்காம் மாதம், நிக்காஹ்வுக்குத் தைத்த ஜாக்கெட்டுகளில் ஒன்றில்கூடக் கை நுழையவில்லை. அன்றே சோற்றை விட்டேன். காலையில் வெந்நீர், மதியம் வெள்ளரிக்காய். மூட்டை நிறுக்கும் தராசில் தினமும் ஏறிப் பார்ப்பேன். மூன்றே வாரத்தில் ஐந்து கிலோ இறங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் பிள்ளை அழுததால் தோளில் போட்டபடியே ஏறிவிட்டேன். பிறகு, காய் தரம் பிரிக்கும் பேச்சியக்காவிடம் அவளைக் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினேன். கழித்துப் பார்த்தால், போன மாதம் மகளுக்குத் தடுப்பூசி போட்டபோது இருந்த அதே எடை!

"ஏன் ஆத்தா, நீ பட்டினி கெடந்தா இவளுக்குப் பாலு எங்கிட்டிருந்து வரும்? வெரசா டாக்டர்ட்ட காட்டு" என்றார் பேச்சியக்கா. மகளைத் தூக்கிக்கொண்டு அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். சோறும் மீன்குழம்புமாகச் சாப்பிட ஆரம்பித்தேன். கேட்கும்போதெல்லாம் பால் கொடுத்தேன். நான்காம் நாள், மகள் மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்டு அசந்துபோனேன். நான் தின்ற சோறு எனக்குள் எப்படியோ பாலாகி, அவள் கன்னத்தில் சதையாகிறது! இந்த உடம்பையா கண்ணாடியில் பார்த்து முறைத்தேன்?

இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். சாயங்காலம் அவளைத் தூக்கிக்கொண்டு, போடிமெட்டு மலையைப் பார்த்தபடி நடக்கிறேன். என் எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. தராசில் இன்றும் ஏறுகிறேன், அவளோடு சேர்ந்து. எண் கூடினால்தான் நிம்மதியாக இறங்குகிறேன்.