பெட்டிக்குள் இருந்த இருபது பேர்

கணினியில் விளையாடும் ஸ்ட்ரேட்டஜி கேமுக்குச் சொந்தமாக மேப் செய்வது என் பொழுதுபோக்கு. ஒருமுறை, அக்கராயன் குளம் உடைவதாக ஒன்று செய்தேன். வெள்ளம் வருமுன் இருபது ஊரவரை உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரவர் எண்ணிக்கை பூச்சியமானால் தோல்வி. அதுதான் நான் வைத்த நிபந்தனை.

போன் கடையில் என்னோடு வேலை செய்யும் பர்வீனிடம் விளையாடிப் பார்க்கக் கொடுத்தேன். அவர் இருபது பேரையும் ஒன்றாகப் பெட்டியில் ஏற்றியதும், “ஊர் அழிந்தது” என்று திரையில் வந்தது.

“நீங்கள் எங்கேயோ பிழை விட்டிட்டீங்கள்” என்றேன்.

“இல்லை. பெட்டிக்குள்ள ஏறின ஆக்களை உங்கட கேம் எண்ணேல்லை போல.”

சோதித்தேன். அவர் சொன்னதே சரி. நான் எப்போதும் ஐந்தைந்து பேராக ஏற்றியதால் அது தெரியவரவில்லை. ஒரே ஆட்டத்தில் கண்டுபிடித்துவிட்டாரே என்று வியந்தேன்.

பர்வீன் சிரித்தார். “எங்கட குடும்பமும் வெளியேறச் சொன்ன நேரம் முள்ளியவளையை விட்டு லொறியில ஏறிப் போனதுதான். திரும்பி வந்திட்டம்தானே.”

நானும் சிறுவயதில் போரின்போது உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஊரைவிட்டுப் போனவன். அந்த நிபந்தனையை எழுதியவனும் நான்தான்.

அன்றே திருத்தினேன். இப்போது பெட்டிக்குள் இருப்பவர்களும் ஊரவர்கள்.