சாகப்போகிற கிரிங்கோ

ஸ்பானிய மொழி பேசுகிற சிலோயே தீவில் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. வேலிக்கு வெளியே நின்று "அலோ!" என்று கத்த வேண்டும். ஹாட்லாக் அப்படிக் கத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சில காரியங்களை வரிசை மாறாமல் செய்வான். குடையை இடது கைக்கு மாற்றுவான். சட்டைப்பையில் மாட்டியிருக்கும் கறுப்புப் பெயர்ப்பட்டையில் வழியும் மழைநீரைக் கட்டைவிரலால் துடைப்பான்; முதலில் தன் பெயர், பிறகு அதற்குக் கீழே சபையின் பெயர். நெற்றியில் ஒட்டிக்கொண்ட முடியைப் பின்னுக்குத் தள்ளுவான். கூட்டாளி யுபான்கி பக்கத்தில்தான் நிற்கிறானா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பான். மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் ஊழியக்காரன் தனியாக எங்கும் போகக்கூடாது. அதற்கப்புறம்தான் "அலோ!". அதுவும் கேட்டும் கேட்காத குரலில். பெரும்பாலும் நாய்தான் முதலில் பதில் சொல்லும்.

அங்கே வயதான பெண்களைத் 'தோன்யா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். தோன்யா ஒடிலியாவின் வேலியில் மட்டும் நாயை முந்திக்கொண்டு அவளே பதில் சொல்லிவிடுவாள்.

"நான் வீட்டுல இல்ல!"

"எப்ப வருவீங்க, தோன்யா?" என்று யுபான்கி விடாமல் கேட்பான்.

"நீங்க ரெண்டு பேரும் ஊரைவிட்டுப் போனதுக்கு அப்புறம்!"

அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை ஒட்டியதுதான் அவள் வீடு. நடுவில் ஒற்றைப் பலகைச் சுவர். அவள் விறகு பிளப்பதும் வானொலியைத் திட்டுவதும் இவர்களுக்குக் கேட்கும். இவர்கள் விடியுமுன் எழுந்து முழங்காலிட்டு ஜெபிப்பது அவளுக்கும் கேட்டிருக்கும்.

ஹாட்லாக் ஐடஹோவில் உருளைக்கிழங்கு விளைவிக்கிற குடும்பத்துப் பையன்; தீவுக்காரர்கள் வாயில் 'கிரிங்கோ', அதாவது வெள்ளைக்காரன். இரண்டு வருட ஊழியத்தில் இருபத்திரண்டு மாதம் கரைந்துவிட்டது. மழையில் நடந்தான், கேட்காத காதுகளுக்குப் பேசினான், திங்கட்கிழமைகளில் சட்டை துவைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டான். அவன் சொன்னதைக் கேட்டு இதுவரை ஒருவர்கூட ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரில் இறங்கவில்லை. அவன் அண்ணன் பிரேசிலில் பதினொரு பேருக்குக் கொடுத்துவிட்டு வந்தவன். வீட்டில் யாரும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று ஹாட்லாக்குக்குச் சிலசமயம் தோன்றும். ஒருவர் போதும். ஒரே ஒருவர்.

ஊழியக்காரப் பையன்களுக்குள் ஒரு பேச்சு வழக்கம் உண்டு. காலம் முடிந்து வீடு திரும்புவதை 'சாவது' என்பார்கள். எந்த ஊரில் ஊழியத்தை முடிக்கிறானோ, அந்த ஊரில் 'செத்தான்' என்று பேர். சொல்லிச் சொல்லி, அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிறு சாயங்காலம் பக்கத்து ஊர் ஊழியக்காரன் ஒருவன் போனில் வந்தான். ஹாட்லாக் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே உரக்கப் பேசினான். யுபான்கி பெருவைச் சேர்ந்தவன் என்பதால் அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் ஸ்பானிய மொழியில்தான்.

"நீ எங்க சாகப்போற?" என்றான் போனில் வந்தவன்.

"இங்கயே, காஸ்த்ரோவுலயே. இனிமே இன்னொரு ஊர் என்னால ஆகாதுப்பா."

"எவ்வளவு நாள் இருக்கு?"

"ஆறேழு வாரம். அவ்ளோதான்."

"அம்மாவுக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன? நாளை எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க."

"கவலைய விடு, கடைசி வரைக்கும் நான் கூட இருப்பேன்" என்றான் யுபான்கி, அடுப்புப் பக்கத்திலிருந்து. மூவரும் சிரித்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வானொலி நின்றுபோயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் இவர்கள் வேலியருகே வருமுன்னே தோன்யா ஒடிலியாவின் கதவு திறந்திருந்தது.

"ஏய், நெட்டைக் கிரிங்கோ! என்ன மழையில நனையற? உள்ள வா. நீயும் வாப்பா."

கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். ஹாட்லாக்கின் தட்டில் இரண்டு தொடையும் விழுந்தன, யுபான்கிக்குக் கழுத்து.

"ஆமா, பட்டையில இவன் பேரும் எல்டர், ஒன் பேரும் எல்டரா? ஒங்க சபையில வேற பேரே கிடைக்கலையா?"

"அது பேர் இல்ல, தோன்யா. பட்டம். மூப்பர்னு அர்த்தம்."

"மூப்பராம்! மீசையே ஒழுங்கா முளைக்கல" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை ஹாட்லாக் வேறு விதமாக எடுத்துக்கொண்டான்.

அந்த வாரம் முழுக்கக் கதவு திறந்தே இருந்தது. டீ குடிக்கமாட்டான் என்று தெரிந்து போல்டோ இலைக் கஷாயம் போட்டுவைத்தாள். அவன் பேசியதைக் குறுக்கே விழாமல் கேட்டாள். ஒரு நாள் அவளே கேட்டாள்:

"செத்ததுக்கு அப்புறமும் குடும்பம் ஒண்ணா இருக்கும்னு சொல்றீங்களே. அதை நீ நெஜமா நம்புறியா மகனே?"

மனப்பாடம் செய்த பதில் ஒன்று இருந்தது. அவள் கேட்ட விதத்துக்கு அது சிறியதாகத் தெரிந்தது.

"நம்பறேன். எப்பவும் இல்ல. ஆனா நம்பறேன்."

"பயமா இல்லையா?"

"சிலசமயம் இருக்கு."

அவள் ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருவதாகச் சொன்னாள். வீட்டுக்குத் திரும்புகிற பத்தடி தூரத்தில் ஹாட்லாக் குடையை விரிக்கவே மறந்தான். தன் வாய்ச்சொல் கடைசியில் ஒரு மனுஷியைத் தொட்டுவிட்டது என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை கஷாயக் கோப்பையை நீட்டும்போது அவள் கேட்டாள்: "டாக்டர் என்னதான் சொல்றார்? அம்மா மடியில போய்க் கெடக்காம இந்த மழையில எதுக்குடா சுத்துற? சாகறவனைக் கூடவா உங்க சபை வேலை வாங்கும்?"

யுபான்கிக்குப் புரையேறிவிட்டது. ஹாட்லாக் கோப்பையைப் பார்த்தபடியே இருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியது ஒவ்வொரு வரியாக அவன் காதில் திரும்ப ஒலித்தது.

வீட்டுக்கு வந்ததும் யுபான்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் குரல் தணிந்தது.

"சொல்லாத, கூட்டாளி. பொய் நாம சொல்லல. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை வந்துரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"அவங்க கேட்டது என் பேச்சை இல்ல. என் சாவை."

"எதுக்காகக் கதவைத் தொறந்தா என்ன? தொறந்துச்சா இல்லையா?"

யுபான்கி சொன்னதில் தப்பு இருப்பதாக ஹாட்லாக்குக்குப் படவில்லை. இரக்கத்தில் திறக்கிற கதவு, விசுவாசத்தில் திறக்கிற கதவைவிட எந்த விதத்தில் மட்டம்? ஆனால் அந்தக் கோழித்தொடை, அந்தக் கஷாயம், அந்தக் கண்ணீர் எல்லாமே இல்லாத ஒருவனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவன் இடத்தில் உட்கார்ந்துதான் இவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சனிக்கிழமை காலை இருவரும் வேலியருகே போனார்கள்.

"தோன்யா, நான் சாகல. எனக்கு ஒரு வியாதியும் இல்ல. ஊழியம் முடிஞ்சு வீட்டுக்குப் போறதைத்தான் நாங்க அப்படிச் சொல்லுவோம். விளையாட்டுக்கு."

அவள் விறகு மேல் ஓங்கிய கோடரியை அப்படியே இறக்கிவைத்தாள்.

"சாகலையா?"

"இல்ல."

"நல்லா பாத்துச் சொல்லு. ரத்தத்துல, நெஞ்சுல, ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமில்ல, தோன்யா. மன்னிச்சுருங்க."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். முகத்தில் என்ன ஓடுகிறது என்று அவனால் படிக்க முடியவில்லை. பிறகு திடீரென்று குரல் எழும்பியது.

"நாலு கோழிடா! முட்டை போட்டுக்கிட்டிருந்த கோழி! சாவுன்னா ஒங்களுக்கு விளையாட்டா? ஆண்டவரே, நான் வாக்கு வேற குடுத்துத் தொலைச்சுட்டேனே!"

கடைசி வார்த்தை அவனுக்கு விளங்கவில்லை. கேட்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. மறுநாள் சபையில் அவளுக்காகப் பிடித்துவைத்த நாற்காலியில் யுபான்கி குடையை வைத்தான்.

திங்கட்கிழமை துணி காய்ந்துகொண்டிருக்கும்போது சபைத் தலைமையிடமிருந்து போன் வந்தது. ஒசோர்னோ என்கிற ஊரில் ஒரு ஊழியக்காரனுக்குக் கால் முறிந்துவிட்டதாம். அவன் இடத்துக்கு ஹாட்லாக் மறுநாள் காலைப் பேருந்தில் கிளம்ப வேண்டும்; யுபான்கிக்கு வேறு கூட்டாளி வருவான். காஸ்த்ரோவில் சாகிற கொடுப்பினையும் இல்லை. ஈரம் போகாத சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினான். புறப்படும்போது வேலியருகே நின்று "அலோ!" என்றான்; இந்தமுறை சத்தமாகவே. நாய் குரைத்தது. திரைச்சீலை அசைந்தமாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

ஒசோர்னோவிலும் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஹாட்லாக் ஊர் திரும்பினான். விமான நிலையத்தில் அம்மா, அப்பா, அண்ணன், பலூன்கள். சபையில் பேசச் சொன்னபோது சிலோயே மழையைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்தான்.

அக்டோபரில் கிழங்கு அறுவடை. லாரிக்குக் காத்துக்கொண்டு வரப்பில் நின்றபோது யுபான்கி கூப்பிட்டான். அவன் இன்னும் காஸ்த்ரோவில்தான் இருந்தான்.

"தோன்யா ஒடிலியா இப்ப எங்ககிட்டப் பேசுறாங்க கூட்டாளி. சபைக்கு வரமாட்டாங்களாம். கத்தோலிக்கச்சியாவே சாவாங்களாம். 'ஒங்க சாவு இல்லடா, நெஜச் சாவு'ன்னாங்க."

ஹாட்லாக் சிரித்தான்.

"இன்னொண்ணு கேளு. ஆகஸ்ட் முப்பதாம் தேதி காகுவாச் தீவுல நசரேயன் இயேசு ஆண்டவர் திருவிழா நடந்துச்சுல்ல? அதுக்குப் போயிருந்தாங்க. படகுல. புருஷன் கடல்ல மூழ்கிப் போன நாள்லேர்ந்து அவங்க படகுல கால் வச்சதே இல்லையாம். போற வழி பூரா கண்ணை மூடிக்கிட்டு, பக்கத்துல இருந்தவங்க கையைப் பிடிச்சுக்கிட்டே போயிருக்காங்க. கரையிலேர்ந்து கோயில் வரைக்கும் முழங்கால்லயே நடந்தாங்களாம்."

"எதுக்கு?"

"நீ பிழைச்சா வர்றதா ஆண்டவர்கிட்ட நேர்ந்துக்கிட்டாங்களாம், நாம போன்ல பேசினதைக் கேட்ட அந்த ஞாயித்துக்கிழமையே. வியாதியே இல்லைன்னு தெரிஞ்சப்புறம் எதுக்குப் போனீங்கன்னு கேட்டேன். 'கேட்டது பையன் சாகக்கூடாதுன்னு. சாகல. அப்ப போய்த்தானே ஆகணும்?'னுட்டாங்க."