முசே தர மறுத்த தட்டச்சுப் பிரதிகள்

1. கடிதம்

தவறு என்னுடையது. ஸ்கேன் செய்யும் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் நான் அட்டெண்டர். படிப்பு ஐந்தாம் வகுப்பு. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் எங்கள் நூலகர் லூர்து மேரி மேடம் ஒரு ஸ்கேனர் வாங்கி என் மேசையில் வைத்தார்.

"நம்ம ஆளுங்க எழுதின கட்டுரைய நாமளே பணம் கட்டிப் படிக்கிறோம். ஜர்னலுக்குச் சந்தா கட்டுறத நிறுத்திட்டா அதுவும் போச்சு. இனிமே எல்லாத்தயும் இன்டர்நெட்டுல போடுவோம். யார் வேணா படிக்கட்டும்" என்றார்.

முதலில் எடுத்தது, கிணற்றுத் தண்ணீரை ஆராய்ந்து ஓய்வு பெற்ற விஞ்ஞானி ஒருவரின் பதினோரு கட்டுரைகள். அவரை நிலையத்தில் எல்லோரும் பிரெஞ்சு வழக்கப்படி 'முசே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். ஒவ்வொரு ஃபைலிலும் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று ஜர்னலில் அச்சானது, வழவழப்பான தாள். மற்றது அவர் டைப் அடித்து அனுப்பியது, பக்கமெல்லாம் வேறு யாரோ போட்ட சிவப்பு மைத் திருத்தம். மேடம் டைப் அடித்ததை ஸ்கேன் செய்யச் சொல்லியிருந்தார். அழுக்காக இருக்கிறதே, பெரிய மனிதருக்கு மரியாதை இல்லையே என்று நானாக நினைத்து, அச்சானதை ஸ்கேன் செய்து இன்டர்நெட்டில் ஏற்றினேன். அழுக்குப் பிரதிகளை ஃபைலோடு முசே வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

மூன்று மாதத்தில் அந்த ஜர்னலை வெளியிடும் வெளிநாட்டுப் பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. அச்சான பக்கங்களின் உரிமை அவர்களுடையது, உடனே எடுக்க வேண்டும் என்று. அன்றே எடுத்துவிட்டோம்.

2. டைரக்டர் அறை

மேடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். நான் கதவோரம் நின்றேன்.

"இந்த வம்பே வேணாம் மேடம். இந்த இன்டர்நெட் வேலைய மொத்தமா மூடிடுங்க" என்றார் டைரக்டர்.

"சார், அச்சான பக்கம்தான் அவங்களுது. கட்டுரை எழுதினவர் கடைசியா அனுப்பின டைப் பிரதிய நாம போடலாம்னு அவங்க ஒப்பந்தத்துலயே இருக்கு."

"அப்ப ஏன் இதப் போட்டீங்க?"

மேடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான்தான் சார்" என்றேன். அந்த அறையில் நான் பேசிய முதல் வார்த்தை அது.

டைரக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாசக் கடைசி வரைக்கும் டைம். பதினொண்ணுக்கும் டைப் பிரதி வரணும். இல்லன்னா மூடுறோம்."

வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "பதிப்புரிமைச் சட்டத்துல நூலகத்துக்கு இன்னும் கொஞ்சம் வழி விடணும்னு நாங்க நாலஞ்சு நூலகர் சேர்ந்து டெல்லிக்கு எழுதிகிட்டு இருக்கோம். இப்ப நாமளே சட்டத்த மீறி மாட்டிக்கிட்டா, நம்ம பேச்ச யாருய்யா கேப்பான்?"

அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முசேயிடம் போகக் கூச்சப்பட்டு, முதலில் மற்ற விஞ்ஞானிகளிடம் அவர்களுடைய டைப் பிரதிகளைக் கேட்டு அறை அறையாகப் போனேன். "இன்னாய்யா, பழைய பேப்பர் கடைக்குப் போடவா?" என்று சிரித்தார்கள். "முசே குடுக்கட்டும், அப்புறம் நாங்க குடுக்கறோம்" என்றார்கள். ஆக, எல்லாம் முசேயிடம் வந்து நின்றது.

3. உப்பளம் வீடு

முசே வீடு ஊருக்குள் உப்பளம் பகுதியில். முதல் நாள் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் நாள் மணியை அடித்தேன்.

"முடியாது. நான் பிரெஞ்சுல படிச்சவன். என் இங்கிலீஷ் முழுக்கத் தப்பு. எவனோ சிவப்பு மையில திருத்தினத ஊருக்கே காட்டச் சொல்றியா?" என்று கதவைச் சாத்தினார். மூன்றாம் நாளும் அதே பதில்.

நான்காம் நாள் கதவைத் திறந்தவர், "நீ வாயே தொறக்க மாட்டியே, இப்ப தினமும் வந்து நிக்கிற" என்றார்.

"என் தப்ப டைரக்டர் வரைக்கும் பாத்துட்டாங்க முசே. இன்னும் உசிரோடதான் இருக்கேன்" என்றேன். எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது.

அவர் சிரித்துவிட்டார். அந்தத் தைரியத்தில் மீதியையும் சொன்னேன். "பாகூர்ப் பக்கம் சோதனைக்குக் கிணத்துத் தண்ணி எடுக்க உங்க ஜீப்புல நானும் எடுபிடியா வந்தேன். 'எடுத்துட்டுப் போறீங்களே, இன்னா இருக்குன்னு எங்களுக்குச் சொல்லுவீங்களா?'ன்னு ஜனங்க என்னத்தான் கேட்டாங்க, உங்கள இல்ல. சொல்லுவாங்கன்னு சொல்லிட்டேன். பத்து வருஷமாச்சு. அந்தப் பக்கம் கல்யாணம் காட்சின்னா நான் போறதில்ல முசே."

அவர் உள்ளே போய் ஃபைல்களைத் தூக்கி வந்தார். "சிவப்பு மையயும் சேத்தே போடு. அழிக்காத" என்றார்.

இரண்டு நாளில் பதினொன்றையும் ஸ்கேன் செய்தேன். டைரக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்து, இன்டர்நெட்டில் ஏற்றச் சம்மதித்துக் கையெழுத்திட்டார். அந்த வாரமே மற்றவர்களும் மேசை இழுப்பறைகளைத் திறந்தார்கள்.

4. கிணறு எது?

நாலைந்து மாதம் கழித்துப் பாகூர்ப் பக்கத்திலிருந்து அஞ்சலை என்ற அம்மா நூலகத்துக்கு வந்தார். கையில் முசேயின் கட்டுரை ஒன்று, பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட். ஊர்ப் பள்ளி வாத்தியார் படித்துச் சொன்னாராம்.

"இன்னாண்ணே இது? ஒண்ணாம் கிணறு, ரெண்டாம் கிணறுன்னு நம்பரா போட்டுக்கீறாங்க. இதுல எங்க கிணறு எது?"

எனக்குத் தெரியவில்லை. மேடத்துக்கும் தெரியவில்லை. கட்டுரையை உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டோம், தண்ணீர் கொடுத்தவருக்கு அதில் அவருடைய கிணறு இல்லை. அவரை உட்கார வைத்துவிட்டு சைக்கிளில் உப்பளம் போனேன். இந்த முறை கேட்டுக்கு வெளியே நிற்கவில்லை.

"முசே, ஜீப்புல வச்சு எழுதுவீங்களே, அந்த நோட்டு வேணும்."

"என்னைய உரிச்சு எடுத்துட்டுதான் விடுவ போல" என்று சொல்லிக்கொண்டே தேடிக் கொடுத்தார்.

அஞ்சலையம்மாவுடையது ஒன்பதாம் கிணறு. உப்பு ஏறிவருவதாகக் கட்டுரையில் இருந்த மூன்றில் ஒன்று.

"அந்தத் தண்ணியில பருப்பு வேகலன்னு நான் அப்பவே சொன்னேன், எங்க வீட்டுக்காரரு என் சமையலத்தான் கொற சொன்னாரு" என்றவர், பக்கத்திலேயே புதிதாக போர்வெல் போட இருந்ததை நிறுத்தப்போவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

கிணற்றுக்காரர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு, அந்த நோட்டையும் ஸ்கேன் செய்து கட்டுரையோடு சேர்த்தோம்.

ஸ்கேனர் முன் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்தப் பக்கம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டுவிட்டு மூடியைத் திறங்கள். கட்டுரை வந்தால், அதன் நோட்டு எங்கே என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். எனக்கு இன்னும் இருக்கிறது. கேட்டுவிடுவேன்.